மோட்டார் ஒயர் இழுத்து வந்த கேபிள்

பூவம் கிராமத்தை விட்டு நடந்துகொண்டிருந்தேன். வெயில் இன்னும் ஏறவில்லை. தோளில் ஒரு பை. அதில் இரண்டு சட்டை, ஒரு கைலி, அடியில் ஒரு குறடு, கேபிள் உரிக்கும் கத்தி, ஒரு சுருள் கருப்பு டேப். எனக்குப் பின்னால், அதுவரை நான் காவல் இருந்த இறால் குட்டை. நோய் விழுந்து இறால் மொத்தமும் செத்து மிதந்தது. குட்டையை வடித்துவிட்டார்கள். காலிக் குட்டைக்குக் காவல் எதற்கு? குட்டைக்காரர் என்னைவிட அதிகம் இழந்தவர், அவரிடம் கோபப்பட ஒன்றுமில்லை. மழைக்காலம் முழுக்க ஈரப் பாயில் படுத்ததில் முதுகெல்லாம் சொறி. நடந்தால் காற்றுப் படும், ஆறிவிடும் என்று நினைத்துக்கொண்டேன். உண்மையில் கொஞ்சம் ஆறவும் செய்தது.

அம்பகரத்தூர் பக்கம் அறுவடை, நெல் மூட்டை தூக்க ஆள் தேடுகிறார்கள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். பஸ்ஸில் போயிருக்கலாம். ஆனால் பஸ்ஸில் போனால் ஊர்தான் கண்ணில் படும், நடந்து போனால் வேலை கண்ணில் படும். எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டதிலிருந்து இப்படித்தான் பிழைக்கிறேன். ஒரே ஊரில் அடுத்தடுத்து இரண்டு பொங்கல் சாப்பிட்டதில்லை.

குரும்பகரத்தை நெருங்கும்போது வயல் நடுவே ஒரு மோட்டார் கொட்டகை. அதன் கான்கிரீட் தளத்தின் மேல் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் நின்றுகொண்டு, டிஷ் தட்டை இரண்டு கையாலும் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டிருந்தார். தூரத்தில், சந்துக்கு அந்தப் பக்கம், பெரிய வேப்பமரம் ஒன்று. அதன் அடியில் ஒரு வீடு இருப்பது சுவரின் வெள்ளையை வைத்துத்தான் தெரிந்தது. அங்கிருந்து ஒரு பெண் குரல் வயலைத் தாண்டி வந்தது.

“வரல!”

அவர் தட்டைத் திருப்பினார்.

“இப்பவும் வரல! நீங்க எறங்கி வாங்க, சோறாவது வரும்!”

நான் சிரித்துக்கொண்டே வரப்பில் இறங்கிக் கிட்டே போனேன். அப்போதுதான் அந்தக் கம்பி கண்ணில் பட்டது. தட்டின் முன்னால் மூக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருக்குமே, வானத்திலிருந்து வருவதைப் பிடிக்கும் பகுதி, அதில் தட்டையான தடித்த மோட்டார் ஒயரை முறுக்கிச் சொருகி, மேலே கால் கிலோ டேப்பைச் சுற்றியிருந்தார். என் சிரிப்பு பெரிதாகிவிட்டது.

“என்ன தம்பி, எதக் கண்டு சிரிப்பு?”

“அண்ணே, இது போர் மோட்டாருக்குப் போடுற ஒயரால்ல இருக்கு.”

“ஆமா. கொட்டாயிலேருந்து வீட்டுக்கு நூறு மீட்டரத் தாண்டுது. தூரம் கூடுனா ஒயரு தடிமனா இருக்கணும். சன்ன ஒயரப் போட்டு மோட்டார் ஓட்டுனா காயில் எரிஞ்சு போவும். தெரியாதா உங்களுக்கு?”

மோட்டாருக்கு அவர் சொன்னது அத்தனையும் சரி. தூரம் கூடினால் கம்பி நன்றாக இருக்க வேண்டும் என்பது டிஷ்ஷுக்கும் சரி. இந்தப் பக்கத்தில் நிலம் வைத்திருக்கும் யாரும் இப்படித்தான் யோசிப்பார்கள். போர் போட்டவருக்கு ஒயர் என்றால் மோட்டார் ஒயர்தான். மிச்சம் கிடந்த நல்ல ஒயரைப் பிளாஸ்டிக் குழாய்க்குள் கோத்து, வரப்பின் அடியில் புதைத்து, வீடு வரை கொண்டுபோயிருந்தார். வைக்கோல் ஏற்றிய டிராக்டர் அந்தச் சந்தில் போகும் என்பதால் தலைக்கு மேல் கம்பி கட்ட முடியாது. வெறுமனே புதைத்தால் எலி விடாது. அதனால்தான் குழாய். அந்தக் குழாய் வேலையைப் பார்த்ததும் என் சிரிப்பு நின்றுவிட்டது. அவ்வளவு நேர்த்தி.

“செத்த நேரம் இருங்கண்ணே, நான் சொல்றேன்,” என்றேன். கேரள மலையில் ஏலத்தோட்டத்து வீடுகளுக்கு டிஷ் மாட்டும் கடையில் பத்து மாசம் இருந்திருக்கிறேன். கடைக் குடோனில் படுக்கை, ஒரு வேளைச் சோறு, அட்டைக்கடி. ஆனால் நீளக் கம்பி எப்படியெல்லாம் ஏமாற்றும் என்பதை அங்கேதான் பார்த்தேன்.

அதற்குள் வீட்டுப் பெண்மணியே வரப்போடு வந்துவிட்டார். முந்தானையைச் செருகிக்கொண்டு, கையில் ரிமோட்டோடு. நூறு மீட்டருக்கு அப்பால் இருக்கும் பெட்டிக்கான ரிமோட்.

“யாரு, டிஷ்காரத் தம்பியா? சாமி அனுப்புன ஆளுதான். இவரு ரெண்டு நாளா வானத்துக்குப் படையல் வெக்கிற மாதிரி தட்டத் தூக்கிக்கிட்டே நிக்கிறாரு.”

விஷயத்தை அவர்தான் சொன்னார். காரைக்காலில் ஒரு டி.வி. சேனல்காரர்கள் சமையல் போட்டி நடத்தியிருக்கிறார்கள். அக்கா போய் வயல் நண்டு ரசம் வைத்திருக்கிறார். அது அன்றைக்குச் சாயந்தரம் ஒளிபரப்பு. ஜெயித்தாரா தோற்றாரா என்று யாரிடமும் சொல்லக் கூடாது என்பது சேனல்காரர்களின் கட்டளை. அக்கா புருஷனிடம்கூட மூச்சு விடவில்லை. தெருவையே வீட்டுக்கு வரச் சொல்லியிருந்தார்.

“போன்ல பாக்கலாமே அக்கா?”

“நாப்பது பேரக் கூப்பிட்டு வெச்சிருக்கேன். உள்ளங்கைக்குள்ள எத்தன தல நொழையும்?”

“கேபிள் கனெக்‌ஷன்?”

“ரோட்டோட நிக்கிது. வயக்காட்டுக்குள்ள ஒரு வீட்டுக்காக வரமாட்டாங்களாம். ரோட்டு மேல எங்க ஓர்ப்படி வீட்டுல இருக்கு.” ஓர்ப்படி என்றால் இவர் வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி. “இங்க வரலன்னா எல்லாரும் அவங்க வீட்டுக்குத்தான் போவாங்க. அவங்க சோபாவுல உக்காந்துக்கிட்டு என்னய நானே பாக்கணும். அவங்க குடுக்குற காப்பியக் குடிச்சுக்கிட்டு! ரசம் கொஞ்சம் தண்ணியா இருக்கு போலயேம்பாங்க. டி.வி.யில பாத்தே சொல்லுவாங்க. நீங்க அவங்களப் பாத்ததில்ல.”

டிஷ்ஷை ஏன் வீட்டின் மேலேயே வைக்கவில்லை என்று நான் கேட்கவில்லை. இந்தப் பக்கம் தட்டு கிட்டத்தட்ட உச்சி வானத்தைத்தான் பார்க்க வேண்டும், கொஞ்சம் தென்கிழக்கே சாய்ந்து. வீட்டுக்கு மேலே வானமே இல்லை, வேம்புதான். அது அம்பகரத்தூர் அம்மனுக்கு நேர்ந்துவிட்ட மரம். அடியில் மஞ்சள் துணி கட்டியிருந்தது. கிளையை வெட்டினால்தான் ஆகும் என்று சொன்ன டிஷ்காரர் ஒருவரை அக்கா மோர்கூடக் கொடுக்காமல் அனுப்பியிருக்கிறார்.

அண்ணனிடம் கம்பி விஷயத்தைச் சொன்னேன். டிஷ் கேபிளில் நடுவே ஒரு செப்புக் கம்பி, அதைச் சுற்றி வெள்ளை நுரை, அதைச் சுற்றி வலை. வானத்திலிருந்து வருவது அந்த நடுக் கம்பிக்கும் வலைக்கும் இடையில்தான் ஓடும்.

“வாய்க்காலுக்குக் கரை மாதிரிண்ணே. மோட்டார் ஒயர்ல செம்பு நெறைய இருக்கு. ஆனா கரை கெடையாது. போற வழியெல்லாம் கசிஞ்சு போயிடும்.”

அவர் கொஞ்சம் யோசித்தார். “சரி, கரை உள்ளதாவே வாங்குவோம். ஆனா அதுலயும் தூரத்துக்குக் கொறையுமில்ல?”

“கொறையும்.”

“அப்ப நம்ம வூடு கடைமடைன்னு சொல்லுங்க.”

ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் ஊரில் பிறந்தவருக்கு, தூரத்தில் என்ன குறையும் என்பதை நான் சொல்லித்தரத் தேவையில்லை.

வண்டியில் காரைக்கால் போனோம். கடைத்தெருவில் அண்ணனுக்குத் தெரிந்த பாய் ஒருவர் கேபிள் கடை வைத்திருந்தார்.

“வாங்க வாங்க. என்ன, வீட்டுல இன்னைக்கு டி.வி.யில வர்றாங்களாமே? எங்க வீட்டுலயும் பாக்குறாங்க.”

“நான் பாப்பனான்னு தெரியல பாய். கம்பியக் காட்டுங்க.”

பாய் மூன்று கேபிளை மேஜைமேல் போட்டார். ஒன்று பழைய காலத்து மெல்லிசு. அதை நான் தொடவே இல்லை. பத்து மீட்டருக்கு ஆகும், இந்தத் தூரத்துக்கு ஆகாது. அடுத்தது வழக்கமாக எல்லோரும் போடும் நடுத்தரம். மூன்றாவது விரல் தடிமன். அண்ணன் மூன்றாவதைக் குரவை மீனைப் பிடிப்பது போல் கப்பென்று பிடித்துக்கொண்டார்.

“இதான். இதான் தம்பி. மத்ததப் பாக்கவே வேணாம்.”

தடித்ததில் இழப்பு மிகக் குறைவு. நேராக இழுப்பதானால் நானும் அதைத்தான் எடுத்திருப்பேன்.

“அண்ணே, குழாயில எல்போ எத்தன போட்டிருக்கீங்க?”

அவர் முகம் மாறியது. கொட்டகைச் சுவரில் ஒன்று, சந்துக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம், வீட்டுச் சுவரில் ஒன்று. எல்லாம் சட்டென்று மடங்கும் முழங்கைகள். தடித்த கேபிள் அவ்வளவு மடங்காது. வலிந்து மடக்கினால் உள்ளே நுரை நசுங்கிவிடும். நுரை நசுங்கினால் கரை உடைந்த மாதிரிதான். அவர் கேபிளை அரை மனதோடு கீழே வைத்தார். அதற்குப் பிறகும் ஒருமுறை எடுத்துப் பார்த்தார்.

ஆக, நடுத்தரம். அதிலும் பாயிடம் இரண்டு வகை இருந்தது. வெளியே பார்க்க இரண்டும் ஒன்றுதான். நான் வாய் திறப்பதற்கு முன்னால் பாயே மேஜை இழுப்பறையிலிருந்து உடைந்த ஸ்பீக்கரின் காந்தத்தை எடுத்தார். முதல் கேபிளின் நடுக் கம்பியைக் கிட்டே கொண்டுபோனார். டக்கென்று ஒட்டியது.

“இது உள்ள இரும்பு. மேல செம்புப் பூச்சு. வீட்டு மேல வெக்கிற டிஷ்ஷுக்கு இது தாராளம். படமும் நல்லாத்தான் வரும்.”

அடுத்ததைக் காட்டினார். ஒட்டவில்லை.

“இது முழுச் செம்பு. உங்க தூரத்துக்கு இதப் போடுங்க.”

“படம்தான் ரெண்டுலயும் வரும்ங்கிறீங்களே பாய்?” என்றார் அண்ணன்.

அதற்கு நான் பதில் சொன்னேன். படம் அந்தக் கம்பியில் இறங்கி வருகிறது. ஆனால் பெட்டியிலிருந்து தட்டின் மூக்குக்கு மின்சாரம் அதே கம்பியில் ஏறிப் போகிறது. வோல்ட் கூடுதலாகப் போய்ச் சேர்ந்தால் மூக்கு ஒரு பாதிச் சேனல்களைப் பிடிக்கும், குறைவாகப் போனால் இன்னொரு பாதியை. இரும்புக் கம்பியில் நெடுந்தூரம் போனால் வோல்ட் வழியில் தேய்ந்துவிடும். மலையில் ஒரு வீட்டுக்கு அப்படித்தான் இரும்பு உள்ள கேபிளை நீளமாக இழுத்துக் கொடுத்தார்கள். செய்தி எல்லாம் வந்தது, பாட்டுச் சேனல் ஒன்றுகூட வரவில்லை. அந்த வீட்டு அம்மா பத்து நாள் செய்தியாகப் பார்த்துவிட்டு, உலகம் அழியப்போகிறது என்று முடிவு செய்துவிட்டார்.

பாய் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு அலமாரியிலிருந்து கட்டைவிரல் அளவு உலோகத் துண்டு ஒன்றை எடுத்து வைத்தார். வருவதைப் பெருக்கி அனுப்பும் சாமான்.

“இதயும் வெச்சுக்கங்க. டி.வி. பக்கத்துல மாட்டாதீங்க.”

“டிஷ் பக்கத்துல,” என்றேன்.

“அதானே,” என்றார் அண்ணன். “மதகுகிட்டயே கூடுதலாத் தொறந்து விடணும். கடைசியில நின்னுக்கிட்டு எறச்சா சேறுதான் வரும்.”

பாயும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். இதைவிட நன்றாக எங்கள் இருவராலும் சொல்லியிருக்க முடியாது.

பெரிய உருளையிலிருந்து ஒட்டுப்போடாமல் ஒரே நீளமாக வெட்டி வாங்கினோம். கடல் காற்றில் இணைப்பு சீக்கிரம் களிம்பு பூத்துவிடும், கிரீஸ் தடவி மூடுங்கள் என்று பாய் வாசல் வரை வந்து சொன்னார். “இன்ஷா அல்லா, சாயந்தரம் பாத்துடுவீங்க.”

திரும்பி வந்ததும் அக்கா இலை போட்டார். முதல் நாள் மதியத்துக்குப் பிறகு அப்போதுதான் சாப்பிட்டேன். மூன்றாவது முறை சோறு வாங்கும்போது அக்கா பானையையே பக்கத்தில் வைத்துவிட்டார்.

இனி குழாய்க்குள் கேபிள் போக வேண்டும். நூறு மீட்டர் தாண்டிய குழாயில் புதிதாகக் கம்பி கோப்பதென்றால் ஒரு நாள் வேலை. ஆனால் உள்ளேதான் மோட்டார் ஒயர் கிடக்கிறதே! வீட்டு முனையில் அதன் நுனியோடு கேபிளின் நுனியைப் பிணைத்து, வழுவழுப்பாக டேப் சுற்றினேன். கொட்டகை முனையிலிருந்து மோட்டார் ஒயரை இழுத்தால் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு கேபிள் வந்து சேரும்.

“பாத்தியா,” என்றார் அண்ணன் மனைவியிடம். “நான் போட்ட ஒயர் வீண் போவல.”

“ஆமாமா. இதுக்குன்னே போட்டீங்க.”

அக்கா வீட்டு வாசலில் கேபிளில் துணி சோப்புத் தண்ணீர் தடவித் தடவி உள்ளே விட்டார். அண்ணன் கொட்டகையில் நின்று இழுத்தார். நான் சந்தில், குழாய் புதைந்த இடத்தில், மண்ணில் காது வைத்துக் கிடந்தேன். சரசரவென்று நன்றாகத்தான் போனது. சந்தின் இரண்டாவது முழங்கையில் நின்றுவிட்டது. அண்ணன் கால் ஊன்றி இழுக்கத் தயாரானார்.

“இழுக்காதீங்கண்ணே! நீண்டுச்சுன்னா கெட்டுடும்!”

அந்த நேரம் பார்த்துச் சந்தில் ஓர்ப்படி அம்மாள் வந்தார். நல்ல புடவை, கையில் பூக்கூடை. நான் மண்ணில் காது வைத்துக் கிடப்பதையும், ஒரு முனையில் கொழுந்தன் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பதையும், மறு முனையில் அக்கா சோப்பு நுரையோடு உட்கார்ந்திருப்பதையும் பார்த்தார்.

“என்னடி இது, பாம்பு புடிக்கிறீங்களா?”

“ஆமாக்கா,” என்றார் அக்கா அங்கிருந்தே. “சாயந்தரம் படம் எடுக்கும். வந்து பாருங்க!”

“நாலு மணிக்கு வந்துச்சா இல்லயான்னு சொல்லு. வரலன்னா எங்க வீட்டுல பாய் விரிக்கச் சொல்றேன்.”

அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. அக்கா கேபிளை ஒரு முழம் வெளியே வாங்கி, புதிதாகச் சோப்புத் தடவி, போனைக் காதில் இடுக்கிக்கொண்டு புருஷனுக்கு உத்தரவு போட்டார். “நான் இப்பன்னு சொன்னா மட்டும் இழுங்க. சொல்லாதப்ப சும்மா நில்லுங்க. இப்ப! ம், நில்லுங்க. இப்ப!” அவர் தள்ள இவர் இழுக்க, மூன்றாவது ‘இப்ப’வில் என் காதுக்குப் பக்கத்தில் முடிச்சு வளைவைத் தாண்டிப் போகும் சத்தம் கேட்டது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் புருஷன் தன் சொல்லைச் சொன்ன நேரத்தில் கேட்டது இதுதான் முதல் தடவை என்று அக்கா போனிலேயே சொன்னார்.

இணைப்புகளை நான் மாட்டினேன். வலையின் ஒரு நூல் நடுக் கம்பியைத் தொட்டால்கூட வேலை கெட்டுவிடும் என்பதால் அதற்குத்தான் நேரம் எடுத்துக்கொண்டேன். டிராக்டர் கிரீஸ் தடவி மூடினோம். தட்டை நான் பிடித்தேன். அக்கா டி.வி. முன்னால் இருந்து, திரையில் சிக்னல் கோட்டின் நிறத்தைப் போனில் சொன்னார்.

“செவப்பு… செவப்பு… மஞ்ச… தம்பி அசையாதீங்க! பச்ச! பச்ச வந்துடுச்சு!”

திருகாணியை முடுக்கிவிட்டு வரப்பில் ஓடினேன். டி.வி.யில் யாரோ சாமி பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார். அண்ணன் கைதட்டினார். எனக்கு மட்டும் வேலை இன்னும் முடியவில்லை. அந்தச் சேனல் ஒரு பாதியைச் சேர்ந்தது. அக்காவின் சேனல் மறு பாதி. கூடுதல் வோல்ட் போய்ச் சேர்ந்தால்தான் அது வரும். இந்தக் கேபிளை எடுத்ததே அதற்காகத்தான்.

“உங்க சேனலப் போடுங்கக்கா.”

அக்கா ரிமோட்டை அழுத்தினார். திரை கருத்தது. வேப்பமரத்தில் ஒரு காக்கை கத்தியது. அண்ணன் வாயைத் திறந்தபடி நின்றார். பிறகு ஒரு மிக்ஸி விளம்பரம் பளிச்சென்று வந்தது. ஒரு மிக்ஸி விளம்பரத்தைப் பார்த்து மூன்று பேர் அப்படிக் குதித்ததை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. அக்கா போனை எடுத்தார்.

“அக்கா, பாய் விரிக்க வேணாம். நீங்களும் மாமாவும் வந்துடுங்க.”

சாயந்தரம் டி.வி.யை வாசலுக்குக் கொண்டுவந்து, மரத்தடியில் பெஞ்சின்மேல் வைத்தார்கள். தெரு முழுக்க வந்துவிட்டது. ஓர்ப்படி அம்மாளுக்கு முன்வரிசையில் நாற்காலி. நிகழ்ச்சியில் அக்கா வந்ததும் ஒரே கூச்சல். திரையில் அக்கா நண்டை உரலில் இடித்துக்கொண்டிருந்தார். நடுவர் ஒரு வாய் ரசம் குடித்தார். மிளகு ஏறிவிட்டது. தும்மினார். மைக்கைத் தூரப் பிடித்துக்கொண்டு மறுபடி தும்மினார். கண்ணில் நீர் வழிய டம்ளரை நீட்டி, “இன்னும் கொஞ்சம் ஊத்துங்க,” என்றார். வாசலில் ஆட்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து சிரித்தார்கள்.

“காரம் கொஞ்சம் ஜாஸ்தியோ,” என்றார் ஓர்ப்படி அம்மாள்.

“தண்ணியா இருக்குன்னு சொல்லல பாத்தீங்களா,” என்றார் அண்ணன் என் காதில்.

இரண்டாம் பரிசு. திரையில் அக்காவின் கையில் பளபளவென்று பெரிய எவர்சில்வர் ஹாட்பாக்ஸைக் கொடுத்தார்கள். எல்லோரும் அக்காவைத் திரும்பிப் பார்த்தால், ஆளைக் காணோம். உள்ளே போய் நெல் டிரம்முக்குள் கையை விட்டு எதையோ எடுத்துக்கொண்டிருந்தார். அதே ஹாட்பாக்ஸோடு வெளியே வந்தார். இத்தனை நாளும் நெல்லுக்குள் புதைத்து வைத்திருக்கிறார், புருஷனுக்குக்கூடத் தெரியாமல். அடுப்பில் தயாராக இருந்த ரசத்தை அதில் ஊற்றி, டம்ளர் டம்ளராக எல்லோருக்கும் கொடுத்தார். நானும் தும்மினேன். ஓர்ப்படி அம்மாளும் தும்மினார். தும்மிவிட்டு, யாருக்கும் கேட்காத மாதிரி இன்னொரு டம்ளர் வாங்கிக்கொண்டார்.

போகும்போது அவர் என்னிடம் வந்தார். “தம்பி, காலையில எங்க வீட்டுக்கு வந்துட்டுப் போங்க. எங்க கேபிள் அடிக்கடி நின்னு போவுது. எங்களுக்கும் டிஷ் வேணும்.”

அன்று கொட்டகையிலேயே படுத்தேன். காய்ந்த பாய். அக்கா முதுகுக்குத் தேங்காய் எண்ணெயும் மஞ்சளும் குழைத்துக் கொடுத்திருந்தார்.

காலையில் ரோட்டோர வீட்டுக்குப் போனேன். மாடி வீடு. மேலே ஒரு மரமும் இல்லை, வானம் அப்படியே விரிந்து கிடந்தது. டிஷ்ஷை மாடியில் வைத்துப் பத்தடிக் கேபிளில் முடிக்கலாம் என்றேன். ஓர்ப்படி அம்மாளுக்கு அது பிடிக்கவில்லை.

“அவங்க வீட்டுக்கு மட்டும் வயலெல்லாம் சுத்திப் போட்டீங்க? எங்களுக்கும் வயல் இருக்கு. கொட்டாயி இருக்கு. அதவிட ஒரு முழமாவது நீளமா இருக்கட்டும்.”

“அம்மா, நீளம் கூடுனா கொறதான். அங்க வேற வழியில்லாம போட்டது.”

“அப்ப எங்களுக்குப் பத்தடியா?” குரலில் அவமானம் தெரிந்தது.

நான் கொஞ்சம் யோசித்தேன். பொய் சொல்ல மனமில்லை. பத்தடிக்குச் சாதகமாக ஏதாவது உண்மை உண்டா என்று தேடினேன், இருந்தது.

“மழ நல்லாப் புடிச்சுதுன்னா எல்லா டிஷ்லயும் படம் போயிடும். நீளக் கேபிள்ல சீக்கிரம் போவும். உங்க வீட்டுல கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் போவும்.”

“அவ வீட்டுல போனதுக்கு அப்பறமும் இங்க ஓடுமா?”

“கொஞ்ச நேரம் ஓடும்.”

அவர் முகம் மலர்ந்தது. “அது போதும். ஏறுங்க மேல,” என்று ஏணியைத் தானே பிடித்துக்கொண்டார். நான் பையிலிருந்து குறடை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு ஏறினேன்.